எந்தப் பக்க மூக்கு

"பாய், நீங்க மட்டும் ஏன் காரை ரிவர்ஸ்லயே நிறுத்துதீங்க?"

பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. நம்மவர்கள் முதல் சந்திப்பில் கேட்கிற எதையும் அவர் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தக் கம்பெனி, கிரீன் கார்டு வந்தாச்சா, பிள்ளைகள் எத்தனை, ஒன்றும் கிடையாது. செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் டிரைவ்வேயில் ஓடுவதைக்கூடக் கவனிக்காமல் பதிலுக்காக நின்றார்.

எனக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பைப்லைன் வரைபடம் போடுகிற வேலை. அதற்கு முன்னால் பல வருடம் சவுதியில் பிளான்ட்டுக்குள்ளேயே கிடந்தவன். அங்கே வண்டியை வெளியே பார்க்கிற மாதிரிதான் நிறுத்த வேண்டும். ஏதாவது வெடித்தால் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அந்தப் பழக்கம் என்னோடு கேட்டி வரைக்கும் வந்துவிட்டது. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பண்டிகைக்குப் பட்டு எடுத்துக் கொடுத்தால்கூட அப்படி மலராது. உடனே அடுத்த கேள்வி வந்தது. உங்க வீட்டுல என்ன வெடிக்கும்னு எதிர்பாக்கீங்க என்றார். வாசலில் நின்ற என் மனைவி சிரித்துவிட்டாள். அன்றைக்கே அவர்கள் இரண்டு பேரும் அக்கா தங்கச்சி ஆகிவிட்டார்கள்.

தமிழ் ஆட்கள் எல்லாரும் அவரை டாக்டரம்மா என்பார்கள். தான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கண்ணாடித் துண்டைப் பார்க்கிற டாக்டர் என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். யாரும் காதில் வாங்கிக்கொண்டதில்லை. அவருக்குப் பாளையங்கோட்டை, வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். ஹூஸ்டனில் பெரிய ஆஸ்பத்திரிகளெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கின்றனவே, அதில் ஒன்றில் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். அவ்வளவு பெரிய வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஏன் தனியாக இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேள்வி கேட்கிற அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவருடைய கேள்விகளுக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு கிரகப்பிரவேசத்தில் பால் பொங்குவதற்கு எல்லாரும் காத்து நிற்கும்போது, ஓமப் புகைக்காகக் கழற்றி வைத்த ஸ்மோக் அலாரத்தைத் திரும்ப மாட்டுவது யார் பொறுப்பு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். விசாரித்ததில் யார் பொறுப்பும் இல்லை என்று தெரியவந்தது. அதோடு போன மாதம் புது வீடு போன இரண்டு குடும்பம் இன்னும் மாட்டவே இல்லை என்பதும் தெரியவந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மகளிடம், நீ தமிழில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறாயே, கனவு எதில் வரும் என்று கேட்பார். அவள் "ஐ டோன்ட் நோ, ஆன்ட்டி" என்பாள். இன்னைக்கு ராத்திரி பாத்துச் சொல்லு என்று ரொம்பத் தீவிரமாக வேலை கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரு முறை எல்லாருக்கும் சங்கடமாகப் போய்விட்டது. எங்கள் வட்டாரத்தில் ஒரு அங்கிள் தூக்கத்திலேயே இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போன பெண்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டரம்மா அந்த ஆன்ட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணாச்சி எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாக?" என்று கேட்டிருக்கிறார். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது என்று மற்றவர்களுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் அதுவரை ஒரு சொல் பேசாமல் இருந்த அந்த ஆன்ட்டி பேச ஆரம்பித்துவிட்டார். இடது பக்கம்தான் படுப்பார், சுவரைப் பார்த்துப் படுத்தால்தான் தூக்கம் வரும், கல்யாணமான புதிதில் அதற்காகச் சண்டையே போட்டோம் என்று ஒரு மணி நேரம் பேசினாராம். என் மனைவி வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டு, அந்த அக்கா நல்லவுகளா கிறுக்கா என்று எனக்கு விளங்கவில்லை என்றாள். எனக்கும் விளங்கவில்லை.

நான் கவனித்த இன்னொன்று உண்டு. நாமெல்லாம் 'தெரியாது' என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவர் 'தெரியல' என்று சொன்னால் அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கும். அந்தச் சொல்லை அவ்வளவு ருசித்து வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதே நேரம், தெரிந்ததற்கு மேல் ஒரு அரிசி அளவுகூடக் கூட்டிச் சொல்ல மாட்டார். மழை வருமா என்று கேட்டால், மேகம் இருக்கு என்பார்.

வேலையைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகச் சொல்வார். மூக்குக்குப் பின்னாலும் இரண்டு கண்ணுக்கு நடுவிலும் முகத்து எலும்புக்குள் காற்று நிரம்பிய சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன, சைனஸ் என்கிறோமே, அதில் அபூர்வமாகப் புற்றுநோய் வரும். அபூர்வம் என்பதால் அதற்கென்று மருந்து தேடுகிறவர்களும் அபூர்வம். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவார்கள். சில கட்டிகளில் ஏதோ ஒரு ஜீன் தாறுமாறாகி, செல்லின் மேலே ஒரு குறிப்பிட்ட புரதத்தை அளவுக்கு மீறி முளைக்க வைத்திருக்கும். அதுதான் மார்க்கர். இருந்தால் கண்ணாடியில் காப்பி நிறத்தில் தெரியும். எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்று பார்த்து பூஜ்யத்திலிருந்து மூன்று வரைக்கும் மார்க் போடுவது அவர் வேலை. மார்க்கர்களின் பெயரெல்லாம் கார் நம்பர் பிளேட் மாதிரி இருக்கும். ஹெர்-டூ என்ற ஒன்றுதான் எனக்கு வாயில் நுழைந்தது. மார்பகப் புற்றுநோயில் அந்த ஹெர்-டூ இருந்தால் அதற்குக் குறிவைத்த மருந்தே அப்போது வந்துவிட்டது.

அப்படியானால் மூக்கிலும் அது இருந்தால் அதே மருந்தைக் கொடுக்கலாமே என்று கேட்டேன்.

"கதவுல பூட்டு தொங்குது, பாய். அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. நம்ம கையில இருக்கிற சாவி அதுக்குச் சேருமான்னு தெரியல. சேந்தாலும், கள்ளன் அந்தக் கதவு வழியாத்தான் வாரானான்னு தெரியல" என்றார்.

இது நடந்தபோது என் மூக்கு என் மூக்காகத்தான் இருந்தது. ஊர்க்கதை கேட்பதுபோலத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு பெருமை உண்டு. ரமலானில் சனிக்கிழமைதோறும் ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள ஹாலில் சேர்ந்து நோன்பு திறப்போம். கஞ்சி என் பொறுப்பு. நோன்பு வைத்துக்கொண்டு காய்ச்சுவதால் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டேன். கொதிக்கிற கஞ்சியின் ஆவியில் முகத்தைக் காட்டினால் போதும், உப்பு, இஞ்சி, பூண்டு எது எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவேன். பாய் மூக்காலேயே ருசி பார்ப்பார் என்று பேர் வாங்கியவன். பள்ளியில் தொழுகைக்கு வருகிறவர்கள்கூட அடுப்புப் பக்கம் வந்து இதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் நோன்பு டெக்சாஸில் அலர்ஜி சீசனோடு சேர்ந்து வந்தது. எனக்கு மூக்கடைப்பு. கேட்டியில் மூக்கடைப்பு இல்லாதவன் யார்? அமெரிக்கா வந்து பத்து வருடம் ஆனவனுக்கு அலர்ஜி வரவில்லை என்றால் அவன் ஏதோ வெளியாள். விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, நோன்பு திறந்ததும் ஒரு மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அவ்வப்போது கைக்குட்டையில் லேசாக ரத்தம் தெரியும். ஏசி காற்றில் மூக்கு வறண்டுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள், ஆபீசில் உள்ளவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமை டாக்டரம்மாவையும் நோன்பு திறக்க அழைத்திருந்தோம். நான் அண்டாவுக்குப் பக்கத்திலேயே துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டு நிற்கிறேன். ஹாலுக்குள் வருகிறவர்களெல்லாம் என்ன கருகுகிறது என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து, ஆமா, என்ன கருகுது என்று பார்க்கிறேன். என் கையின் கீழேயே கஞ்சி அடிபிடித்துக் கரியாகிக் கொண்டிருந்தது. ஆளாளுக்குக் கேலி. பாய்க்கு வயசாயிட்டு, அடுத்த வருஷம் அண்டாவை வேற ஆளுக்கு மாத்தணும் என்றார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காதவர் ஒருவர்தான்.

"பாய், கருகல் வாடை உங்களுக்குத் தெரியவே இல்லையா? எந்தப் பக்க மூக்கு அடைச்சிருக்கு?"

அத்தனை பேர் முன்னால் இது என்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தது. ரெண்டு பக்கமும்தான், அலர்ஜி என்றேன். அவர் விடவில்லை. அங்கே நின்ற ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்த அத்தரை வாங்கினார். கண்ணை மூடச் சொல்லி, என் மூக்கை ஒவ்வொரு பக்கமாக மாற்றி மாற்றி அடைத்துக்கொள்ளச் சொன்னார். இடது பக்கத்தில் லேசாக மல்லிகை வந்தது. வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. குப்பியையே மூக்குக்குள் வைத்தாலும் ஒன்றுமில்லை. அலர்ஜிக்கு வலது இடது தெரியாது என்று மெதுவாகச் சொன்னார். கைக்குட்டையில் ரத்தம் வருதா, எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக, சின்ன வயதில் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்டார்.

எங்கள் வாப்பா செங்கோட்டையில் மர அறுவை மில் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் முடிந்து சவுதிக்குப் போகிற வரைக்கும் நானும் அதில்தான் நின்றேன். தேக்கு, ஈட்டி, வேங்கை எல்லாம் அறுப்போம். ராத்திரி மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு எந்த மரம் அறுத்தோம் என்று நிறத்தை வைத்தே சொல்லலாம். இதை நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை. திங்கட்கிழமை காலையில் அவரே ஒரு காது மூக்கு டாக்டரிடம் நேரம் வாங்கி, லீவு போட்டு, காரில் கூட்டிக்கொண்டு போனார்.

வருடக்கணக்காக மரத்தூளைச் சுவாசித்தவர்களுக்கு மூக்கின் மேல் பகுதியில் வருகிற புற்றுநோய் ஒன்று இருக்கிறது. எனக்கு வந்தது அதுதான். மில்லை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அது விடவில்லை. ஆபரேஷன் செய்தார்கள், ரேடியேஷன் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். எடுக்கிற சதையில் மிச்சத்தைப் பெயர் இல்லாமல் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அதில் இருந்தது. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நான் என்ன செய்யப் போகிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில்தான் டாக்டரம்மாவும் வேலை பார்த்தார். மூக்குக் கட்டிகளெல்லாம் கடைசியில் அவருடைய மைக்ரோஸ்கோப்புக்குக் கீழேதான் போய்ச் சேரும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. நம் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. நம் ஊரில் ஆஸ்பத்திரியோ தாலுகா ஆபீசோ, உள்ளே ஒரு ஆள் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வரிசையில் நிற்க வேண்டாம், கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டாம், அவர் பார்த்துக்கொள்வார். கடல் தாண்டி வந்தும் அந்தப் புத்தி மட்டும் விசா இல்லாமல் கூடவே வந்துவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து என் கட்டி திரும்ப வந்தது. இந்த முறை வலது கண்ணை ஒட்டி வந்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் கண் போகலாம், அதற்கப்புறமும் வந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை, இந்த வகைக்கென்று தனி மருந்தும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நாங்கள் தலையாட்டிக்கொண்டு கேட்டோம். மார்க்கர் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அதுதான் உள்ளே நம் ஆள் இருக்கிறாரே. என் சதையைப் பார்த்திருப்பார், மார்க்கர் இருந்தால் தானாக வந்து சொல்லிவிடுவார். அவர் சொல்கிற மருந்தைக் கொடுத்தால் கண்ணும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போன அத்தனை பேரும் இதையேதான் சொன்னார்கள்.

டாக்டரம்மா அந்த நாட்களில் தினமும் வந்தார். இடியாப்பம் கொண்டுவருவார், என் கண் எந்தப் பக்கம் திரும்பும்போது இரட்டையாகத் தெரிகிறது என்று கேட்பார். மார்க்கர் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. அவர் பேசாததை நாங்கள் நல்ல செய்திக்காகத்தான் தாமதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டோம். ஆபரேஷனுக்கு நாள் குறிக்காமல் ஒரு மாதம் இப்படியே போனது.

கடைசியில் என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்.

"அக்கா, இவங்களோடதுல மார்க்கர் இருந்திச்சா, இல்லியா? எதுவா இருந்தாலும் சொல்லிருங்க. நாங்க தாங்கிக்கிடுவோம்."

அவர் முகம் வெளிறிப் போனது. "என்கிட்டயா கேக்கீங்க? டாக்டர்கிட்ட இன்னும் கேக்கலியா?" என்றார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆராய்ச்சிக் கண்ணாடிகளில் பெயர் கிடையாது, வெறும் எண்தான். எந்த எண் யாருடையது என்ற விவரம் வேறொருவரிடம் பூட்டி இருக்கும். என்னுடையது எது என்று அவருக்குத் தெரியாது. அந்த முடிவுகள் நோயாளிக்குப் போகவும் போகாது. எனக்காகப் பார்க்க வேண்டும் என்றால் என் டாக்டர் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரியின் வேறொரு லேபில் தனியாகச் சோதிக்க வேண்டும். அதை டாக்டர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார் என்று டாக்டரம்மா நினைத்திருக்கிறார். டாக்டரம்மாவே செய்துகொண்டிருக்கிறார் என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். நாளைக்குக் காலையிலேயே போன் பண்ணுங்க, இந்தச் சோதனை வேணும்னு கேளுங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

என் மனைவி அதோடு விடவில்லை. அதுக்கு எத்தனை நாள் ஆகுமோ, நீங்கள் நாளைக்கே அந்தப் பூட்டி வைத்த எண்ணைக் கேட்டுப் பார்த்து எங்களுக்கு மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். ஊரில் நாய் எந்தக் காலைத் தூக்குகிறது என்றுகூட விசாரிக்கிற உங்களுக்கு இது தெரியவேண்டாமா என்று கேட்டாள். அழுதாள். அவர் அசையவில்லை.

"பாக்க மாட்டேன், தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சிட்டுன்னா என் கண்ணு பொய் சொல்லும். பாயோடதுன்னு தெரிஞ்சா ஒன்னு இருக்கிற இடத்துல ரெண்டு போட்டுருவேன். அதை நம்பி ஒரு மருந்தைக் குடுப்பாக. பாய்க்கு மட்டும் இல்ல, பின்னால வாறவுகளுக்கும் குடுப்பாக."

என் மனைவி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரும் எழுந்து போய்விட்டார். எனக்கும் மனசு கசந்துதான் போனது. அவர் சொன்னதில் நியாயம் இருப்பது புத்திக்கு எட்டியது. ஆனால் போகப்போவது என் கண். அந்த நேரத்தில் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மறுநாள் டாக்டரிடம் கேட்டோம். அவரும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். இந்த வகைக் கட்டியில் மார்க்கர் இருந்தாலும் மருந்து கேட்குமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, இருந்தால் முயன்று பார்க்கலாம் என்றார். முடிவு வந்தது. ஹெர்-டூ சுத்தமாக இல்லை. பூஜ்யம். எங்கள் தாமதத்தால் ஏதாவது கெட்டுவிட்டதா என்று கேட்டதற்கு, இந்த முடிவு ஒரு மாதம் முன்னால் வந்திருந்தாலும் இதே ஆபரேஷன்தான் என்றார். ஆபரேஷனில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

பல வருடம் ஆகிவிட்டது. கட்டி திரும்ப வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஒரு கண்ணோடு பைப்லைன் வரைகிறேன். என் மேனேஜர் பாதிதான் தெரிகிறார் என்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் என்னைக் காப்பாற்றியது மார்க்கரும் இல்லை, மருந்தும் இல்லை, கத்திதான். ஆராய்ச்சி எங்கே போய் நிற்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் யாராவது ஒருவர் தெரியல என்றுதான் சொல்வார்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என் மனைவி டாக்டரம்மாவிடம் பேசவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் தினமும் மதியம் வெள்ளைக் கோட்டோடு வந்து என்னிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவார். என் மனைவி இருந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீட்டுக்கு வந்த பிறகும் வேலிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவரும் செடிக்குத் தண்ணீர் விடுவார்கள், ஒரு சொல் இருக்காது. உயிரோடு ஆள் வந்தாச்சே, இன்னும் என்ன கோபம் என்று கேட்டேன். அவங்களுக்கு நாம வெறும் நம்பர்தானே என்றாள்.

இரண்டு வருடம் போல இப்படிப் போனது. அப்புறம் அவருக்கு நியூ ஜெர்சியில் வேறு வேலை கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டு, சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சொல்லிக்கொண்டு போவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேநீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை, எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒன்னே ஒன்னு கேக்கேன். இத்தனை கேள்வி கேக்கிற உங்களுக்கு, ஒரு நாள்கூட எங்களோடது எதுன்னு தெரிஞ்சுக்கிடணும்னு தோணலியா?"

அவர் தேநீரை எடுக்கவில்லை.

"தோணாத நாளே கிடையாது, தங்கச்சி. எது பாயோடதுன்னு தெரியாதுல்லா. ஒவ்வொரு ஜீரோ போடும்போதும் இதுதான் பாயோடதோன்னு கை நின்னுரும். சாயம் சரியா ஏறலியோன்னு மறுபடியும் பாப்பேன். ஜீரோவாத்தான் இருக்கும். போட்டுட்டு எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போயிருவேன், முகத்தைக் கழுவிட்டு வந்து அடுத்ததை எடுப்பேன்" என்றார். அப்புறம், "அதுல முக்காவாசியும் ஜீரோதான், தங்கச்சி" என்றார்.